நிகர விற்பனையை எங்கே கணக்கிடுவது?

ரிப்போர்ட் வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. தரவை எந்த இடத்தில் வைத்து மாற்றுவது? டேட்டாபேஸிலேயே ஒரு வியூ, அதாவது சேமித்து வைத்த ஒரு குவெரி, எழுதிவிடுவதா, பவர் பிஐ என்ற ரிப்போர்ட் மென்பொருளுக்குள் தரவு வரும் வழியில் இருக்கும் பவர் குவெரியில் பார்த்துக்கொள்வதா, கடைசியில் ரிப்போர்ட்டுக்குள் மெஷராக, பார்க்கும்போது கணக்கிடும் சூத்திரமாக, போட்டுவிடுவதா? பதில்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே இருக்கும். எது சீக்கிரம் ரெஃப்ரெஷ் ஆகும், எது மெமரியைக் குறைவாகத் தின்னும், எந்த லைசென்ஸில் எது முடியும். நானும் பல வருடம் அந்தக் கணக்கில்தான் முடிவெடுத்து வந்தேன். தவறான கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். முதலில் கேட்க வேண்டியதை எனக்குக் காட்டியவர் ரிப்போர்ட் எழுதுகிறவரே இல்லை, கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் ஒரு மேடம்.

அந்தக் கம்பெனிக்கு நான் வெளியிலிருந்து போய் வேலை செய்து தருகிறவன். 2022 செப்டம்பரில், ஆகஸ்ட் மாத விற்பனையைப் பார்க்கும் கூட்டம். சேல்ஸ் பிரிவின் ரிப்போர்ட் ஒன்று, அக்கவுண்ட்ஸின் ரிப்போர்ட் ஒன்று, இலக்கைத் தொடும் டீலர்களுக்குச் சலுகை தரும் டீலர் ஸ்கீம் பார்க்கிறவர்களின் ரிப்போர்ட் ஒன்று. மூன்றிலும் 'நிகர விற்பனை' (வரியும் திரும்பி வந்த சரக்கும் போக மிஞ்சுவது) என்று ஒரு பெரிய எண், மூன்றும் வேறு வேறு. எல்லா ரிப்போர்ட்டும், கம்பெனியின் பில்லும் கணக்கும் ஓடும் இஆர்பி மென்பொருளின் ஒரே டேட்டாபேஸிலிருந்து வருபவை. சேல்ஸ் எண் அக்கவுண்ட்ஸ் எண்ணைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுதல். டீலர் ஸ்கீம் எண் இரண்டுக்கும் நடுவில். முதலாளி கோபப்படவில்லை. "எதைங்க நான் நம்பறது?" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்விக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். சேல்ஸ் ரிப்போர்ட்டைச் செய்திருந்த பையன் கெட்டிக்காரன். பவர் பிஐயை யாரும் சொல்லித்தராமல் தானாகக் கற்றுக்கொண்டவன். அவனுக்கு டேட்டாபேஸில் பில் தலைப்பு டேபிளை மட்டும்தான் பார்க்க அனுமதி கொடுத்திருந்தார்கள். அதில் இருப்பது வரியோடு சேர்ந்த பில் தொகை. ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு வரி என்பது வேறொரு டேபிளில் இருக்கிறது. அதற்கு அவனுக்கு அனுமதி இல்லை. ஆகவே வரியைக் கழிக்க, பவர் குவெரியில் பில் தொகையை 1.12-ஆல் வகுத்திருந்தான். அவன் அதை எழுதிய காலத்தில் அது சரியான வகுத்தல். தண்ணீர் இறைக்கும் மின் பம்புகளுக்கு அப்போது ஜிஎஸ்டி 12 சதவீதம். 2022 ஜூலை 18 முதல் அது 18 சதவீதமாகிவிட்டது. 1,00,000 ரூபாய்ப் பொருளுக்கு பில் இப்போது 1,18,000. அதை 1.12-ஆல் வகுத்தால் 1,05,357 வரும். வரி ஏறியது விற்பனை ஏறியதாகத் தெரிந்திருக்கிறது. அந்த எண்ணை வைத்து ஆகஸ்டில் நல்ல வளர்ச்சி என்று சேல்ஸ் ஆட்கள் கை தட்டியும் முடித்திருந்தார்கள்.

டீலர் ஸ்கீம் ரிப்போர்ட்டின் வித்தியாசம் வேறு மாதிரி. திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் போடுகிறார்கள் இல்லையா, அக்கவுண்ட்ஸ் அதை கிரெடிட் நோட் போட்ட மாதத்தில் கழிக்கிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னும் அப்படித்தான் போகும். ஸ்கீம் பார்க்கிறவர்களோ அசல் பில் எந்த மாதமோ அந்த மாதத்தில் கழித்தார்கள். ஒரு டீலர் இலக்கைத் தொட வேண்டும் என்று மாதக் கடைசியில் சரக்கை எடுத்துவிட்டு அடுத்த மாதம் திருப்பி அனுப்பினால், அது அந்தப் பழைய மாதத்தில் குறைய வேண்டும் என்பது அவர்கள் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் அந்தக் கணக்கில் ஆகஸ்ட் எண் ஆகஸ்டோடு நிற்காது. அக்டோபரில் பார்த்தால் இன்னும் குறைந்திருக்கும். அப்படி ஓர் எண் தங்கள் நடுவில் உலவுகிறது என்று அறையிலிருந்த யாருக்கும் அதுவரை தெரியாது.

ஒரு கேள்வி

காரணம் தெரிந்ததும் அறை லேசாகிவிட்டது. பையன் லேப்டாப்பைத் திறந்து "1.18 போட்டுடறேன் சார், ரெண்டு நிமிஷம்" என்றான். எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போகத் தயார். அப்போதுதான் மேடம், "இருங்க தம்பி, அது எங்க எழுதியிருக்கு? எனக்கு ஒருக்கா காட்டுங்க" என்றார்.

அவன் பவர் குவெரி எடிட்டரைத் திறந்தான். வலது பக்கம் படிகளின் பட்டியல் நீளமாக ஓடியது. தானாக வைத்துக்கொள்ளும் பெயர்கள்: சேஞ்ச்டு டைப், ரிமூவ்டு காலம்ஸ், ஆடட் கஸ்டம், ஆடட் கஸ்டம்1, ஆடட் கஸ்டம்2. அவற்றில் ஒன்றைச் சொடுக்கினான். மேலே ஃபார்முலா வரியில் அந்த 1.12 இருந்தது. மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் படித்தார். பிறகு குற்றம் சாட்டும் குரல் எதுவும் இல்லாமல், "விகிதம் மாறின அன்னிக்கே நான் இஆர்பில மாத்திட்டேன். இத நான் எப்படிங்க பாத்திருப்பேன்?" என்றார்.

அதற்குப் பிறகு கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். வரி விகிதத்துக்குப் பொறுப்பானவர் அவர். மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் அவர் மேற்பார்வையில் போகிறது. தப்பு வந்தால் நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதும் அவர்தான். சட்டம் மாறிய அன்று செய்ய வேண்டியதை அவர் செய்துவிட்டார். அதே விதியின் இன்னொரு நகல் வேறொருவரின் லேப்டாப்பில், பிபிஐஎக்ஸ் என்ற ஒரு பவர் பிஐ கோப்பின் நடுவில், பெயரில்லாத ஒரு படியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே கிடையாது. விகிதம் மாறும் என்று பையனுக்குச் சொல்லவும் ஆளில்லை. இருவரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். அந்த விதி இருந்த இடம்தான் சரியில்லை.

அவன் சொன்ன இரண்டு நிமிட மருந்தும் மருந்தல்ல. 1.18 என்று மாற்றினால் ஜூலை 17 வரையிலான பில்கள் எல்லாம் கெட்டுப்போகும். போன வருட ஆகஸ்டோடு ஒப்பிடும்போது இந்த முறையும் வளர்ச்சி அதிகமாகத் தெரியும். தேதியைப் பார்த்து வகுக்கும்படி எழுதலாம். எழுதினால், ஏற்கெனவே பில்லின் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே பைசா சுத்தமாகப் பதிவாகியிருக்கும் வரித்தொகையை இன்னும் நுணுக்கமாக ஊகிக்கிறோம், அவ்வளவுதான். டேட்டாபேஸுக்குத் தெரிந்த ஒன்றை ரிப்போர்ட் ஏன் ஊகிக்க வேண்டும்? 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி அடுக்குகளே மாறி அமைந்தபோது, எத்தனை கம்பெனிகளில் எத்தனை கோப்புகளுக்குள் இப்படி வகுத்தல்கள் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதலில் நான் கேட்பது இதைத்தான்: இந்த விதிக்கு யார் பொறுப்பு, அவர் கண்ணில் இது படுமா? பிறகு, இதே விதி வேண்டியவர்கள் வேறு யாராவது உண்டா, இருந்தால் அவர்களும் இந்த ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியுமா? இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் பெரும்பாலான கணக்குகள் தாமாகவே தலைமடைக்கு, அதாவது டேட்டாபேஸுக்கே, போய்விடுகின்றன. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் கடைமடையில் தனித்தனியாகத் தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தால், யார் வயலுக்கு என்ன பாய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

வேகமும் அங்கேதான் கிடைக்கிறது

வேகத்தை இரண்டாவது கேள்வி என்றேன். அதைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பவர் குவெரியில் நாம் சேர்க்கும் படிகளை, முடிந்தவரை, அது டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல்லாக மாற்றி டேட்டாபேஸிடமே கொடுத்துவிடும். குவெரி ஃபோல்டிங் என்கிறார்கள். எஸ்க்யூஎல் ஆக்க முடியாத ஒரு படி நடுவில் வந்தால், அதற்குப் பிறகு வரும் எல்லாமே, டேட்டாபேஸுக்கும் பவர் பிஐக்கும் நடுவில் நிற்கும் கேட்வே மெஷினின் தலையில் விழும். அந்த சேல்ஸ் ரிப்போர்ட்டிலேயே இது இருந்தது. டீலர் பெயர்களில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கும் படி மேலே இருந்தது. இந்த இரண்டு வருட பில் மட்டும் போதும் என்ற தேதி வடிகட்டல் அதற்குக் கீழே. பெயரை அழகாக்கும் அந்தப் படியை எஸ்க்யூஎல் ஆக்க முடியாது. அதனால் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து போட்ட அத்தனை பில்லும் கேட்வே வரை வந்து அங்கே வடிகட்டப்பட்டுக்கொண்டிருந்தன. வடிகட்டலை மேலே நகர்த்தியதுமே ரெஃப்ரெஷ் நேரம் சட்டென்று இறங்கியது. படியின் மேல் வலது கிளிக் செய்து 'வியூ நேட்டிவ் குவெரி' என்ற மெனு மங்கலாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். எஸ்க்யூஎல் சர்வர் மாதிரியான மூலங்களுக்கு அது மங்கியிருந்தால் ஃபோல்டிங் நின்றுவிட்டதோ என்று சந்தேகப்படலாம். பவர் பிஐ ப்ரோவில் ஒரு நாளைக்கு 8 ரெஃப்ரெஷ்தான் அட்டவணை போட முடியும் என்கிறபோது, ஒவ்வொன்றும் நீண்ட நேரம் ஓடினால் காலை கூட்டத்துக்கு நேற்றைய எண்தான் கிடைக்கும்.

பெரிய கம்பெனிகளில் இந்தப் பேச்சு வேறு பெயர்களில் நடக்கிறது. ஏற்றும் முன்பே மாற்றும் ஈடிஎல்லில் இருந்து, அப்படியே ஏற்றிவிட்டு அங்கேயே எஸ்க்யூஎல்லில் மாற்றும் ஈஎல்டிக்கு வந்துவிட்டார்கள். பிக்குவெரி, ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃப்ளேக் மாதிரியான கிளவுட் தரவுக் கிடங்குகள் வந்தபிறகு சேமிப்பும் கணக்கீடும் மலிவானது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2016-ல் தொடங்கிய டிபிடி என்ற கருவி, அந்த எஸ்க்யூஎல்களை மென்பொருள்போல் பதிப்பெண் வைத்து, சோதனை எழுதிப் பராமரிக்க வழி செய்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, கச்சாத் தரவு கை படாமல் ஓரிடத்தில் இருக்கிறது என்பது. விதி தவறு என்று ஒரு வருடம் கழித்துத் தெரிந்தாலும் முதலிலிருந்து மறுபடி கணக்கிடலாம்.

ஆனால் மாதம் சில ஆயிரம் பில் போடும் கம்பெனிக்கு இதெல்லாம் வேண்டாம். அவர்களிடம் ஏற்கெனவே ஓர் எஸ்க்யூஎல் சர்வர் இருக்கிறது, அதில் வியூ எழுதலாம். பத்து வரி எஸ்க்யூஎல், அதற்கு ஒரு நல்ல பெயர், மேலே இரண்டு வரியில் எதற்காக இந்த விதி என்று ஒரு குறிப்பு. நம் ஊர் சிறு கம்பெனிகளில் இவ்வளவு பயனுள்ள ஒன்றை இவ்வளவு பேர் தொடாமல் வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அனுமதி என்னும் சுவர்

அந்தப் பையனைப் போன்றவர்கள் கடைமடையில் கணக்கிடுவது சோம்பலால் அல்ல. மேலே போக அவர்களுக்கு வழியில்லை. ஒரு நெடுவரிசை கூடுதலாக வேண்டும் என்று ஐடிக்கு எழுதினால் பதில் வர வாரக்கணக்கு. இஆர்பி விற்றவர்கள், எங்கள் டேட்டாபேஸுக்குள் ஒரு வியூ உருவாக்கினாலும் சப்போர்ட் கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் ரிப்போர்ட்டை ரெஃப்ரெஷ் செய்ய, கவுன்டரில் பில் போட முடியாமல் நின்றதை நானே வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை காலை எண் வேண்டும் என்று முதலாளி கேட்டுவிட்டார். கையில் இருப்பது பவர் குவெரி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். 'மாற்றங்களை மேலே செய்யுங்கள்' என்று அறிவுரை சொல்வதற்கு முன், மேலே போகும் படிக்கட்டை யார் கட்டித் தருவது என்று பேச வேண்டும்.

கோவையில் கட்டிய படிக்கட்டு எளிமையானது. இஆர்பி டேட்டாபேஸைத் தொடவே இல்லை. பக்கத்தில் ரிப்போர்ட்டுக்கென்று தனி டேட்டாபேஸ். இரவில் தேவையான டேபிள்கள் மட்டும் அதில் நகலாகும். அது எஸ்க்யூஎல் சர்வர் 2019 எக்ஸ்பிரஸ் பதிப்பு, காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் போகாது என்ற வரம்பு அவர்கள் அளவுக்குப் போதும். எக்ஸ்பிரஸில் எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட் கிடையாது என்பதால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு வேலையை வைத்தோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சின்ன விவரம் உதவும். நகலான டேபிள்களின் மேல் வியூக்கள். மூன்று ரிப்போர்ட்டும் வியூவிலிருந்து மட்டும்தான் படிக்கலாம்.

வியூ எழுத உட்கார்ந்தபோதுதான் கடினமான பகுதி வந்தது. நிகர விற்பனையை ஓரிடத்தில் எழுதிவிடலாம் என்றால், யாருடைய நிகர விற்பனையை? வரி விஷயத்தில் சண்டையே இல்லை, ஒவ்வொரு பொருளுக்கும் பில்லில் பதிவாகியிருக்கும் வரியை எடுத்தால் முடிந்தது. கிரெடிட் நோட் தேதியில்தான் நின்றது. அக்கவுண்ட்ஸ் தன் கணக்கே கம்பெனியின் கணக்கு என்றது; ஸ்கீம் ஆட்கள் அப்படியென்றால் டீலர்கள் ஏமாற்றுவார்கள் என்றார்கள். தலைமடை என்றால் ஒரே உண்மை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு நியாயமான கேள்விகள் இருந்தால் இரண்டு எண்கள் இருக்கத்தான் வேண்டும், ஒரே பெயரில் மட்டும் இருக்கக் கூடாது. கடைசியில் வியூவில் இரண்டு தேதிகளையும் வைத்தோம். எண்ணுக்கும் இரண்டு பெயர்: 'புத்தக நிகர விற்பனை', 'பில் மாத நிகர விற்பனை'. 'நிகர விற்பனை' என்று வெறுமனே எந்த ரிப்போர்ட்டிலும் போடக் கூடாது என்று மேடமே சொல்லிவிட்டார். அந்த வியூவின் எஸ்க்யூஎல்லை அச்செடுத்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். அவருக்கு எஸ்க்யூஎல் தெரியாது. ஆனால் எந்த நெடுவரிசையை எதிலிருந்து கழிக்கிறோம் என்று அதைப் படித்தே புரிந்துகொண்டார், ஓர் இடத்தில் சரக்குக் கூலியை விட்டுவிட்டதையும் காட்டினார்.

மேலே போகாதவை

எல்லாவற்றையும் மேலே தள்ளிவிடலாம் என்று உற்சாகப்படுகிறவர்களையும் பார்க்கிறேன். முடியாது. விகிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை கிளையில் 10 லட்சம் விற்பனைக்கு 20 சதவீத லாபம், ஈரோட்டில் 90 லட்சம் விற்பனைக்கு 10 சதவீத லாபம் என்று வைப்போம். வியூவிலேயே சதவீதத்தைக் கணக்கிட்டு வைத்துவிட்டால், ரிப்போர்ட் இரண்டையும் சராசரி எடுத்து 15 என்று காட்டும். உண்மையில் ஒரு கோடிக்கு 11 லட்சம், அதாவது 11 சதவீதம். வியூ தர வேண்டியது லாபத்தையும் விற்பனையையும் தனித்தனியாக. வகுத்தல், பார்க்கிறவர் எந்தக் கிளையை, எந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று தெரிந்தபிறகு ரிப்போர்ட்டில், மெஷராக நடக்க வேண்டும்.

வாங்கிய டீலர்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். ஏப்ரலிலும் மே மாதத்திலும் வாங்கிய ஒரே டீலர் இரண்டு மாதத்திலும் ஒருவராக வருவார், காலாண்டுக்கும் ஒருவரே. மாத எண்களை மேலேயே கூட்டிவைத்தால் காலாண்டு எண் பொய். கையிருப்பு இன்னொன்று. கிளைகளைக் கூட்டலாம், நாட்களைக் கூட்டக் கூடாது. மாதக் கடைசி நாளின் எண்தான் மாத எண். இவையெல்லாம் பார்க்கிறவரின் தேர்வைப் பொறுத்து மாறுபவை, ஆகவே கடைமடையில்தான் இருக்க முடியும். அங்கும் ஒவ்வொரு கோப்பிலும் தனியாக எழுதாமல், பல ரிப்போர்ட்டுகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரே செமான்டிக் மாடலில் மெஷர்களை எழுதி மூன்று ரிப்போர்ட்டையும் அதோடு இணைத்தோம். யார் பொறுப்பு, அவர் கண்ணில் படுமா என்ற கேள்வி இங்கேயும் செல்லும்.

புதிதாக ஒன்றை முயன்று பார்ப்பதற்கு பவர் குவெரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்தப் பையன் இன்றும் தன் யோசனைகளை அங்கேதான் முதலில் செய்கிறான், நானும் அப்படியே. இன்னொருவர் அதே கணக்கைக் கேட்கிற அன்று அது வியூவுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தம். பொருள்வாரியாக வரி இருக்கும் அந்த டேபிளைப் படிக்க அவனுக்கு இப்போது அனுமதி இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் நீண்ட நாள் இழுபறியாக இருந்தது. எந்த டீலர் எந்தக் குழுமத்தைச் சேர்ந்தவர் என்பது இஆர்பியில் இல்லை. அண்ணன் பெயரில் ஒரு கடை, தம்பி மனைவி பெயரில் ஒரு கடை, ஆனால் ஒரே குடும்பம், ஒரே ஸ்கீம். அது மார்க்கெட்டிங் மேனேஜரின் எக்ஸெல் கோப்பில் இருந்தது, வாரத்துக்கு ஒரு தடவையாவது மாறும். மேலே கொண்டுபோவதென்றால் அதை ஐடியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டு, "குடும்பம் பிரிஞ்சா ஐடிக்காரங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று மறுத்தார். அவர் சொன்னது சரி. அந்த எக்ஸெல்லை ஷேர்பாயின்டில் அவர் பொறுப்பிலேயே விட்டோம். எழுதும் உரிமை அவருக்கு மட்டும். இரவு நகலில் அதுவும் ஒரு டேபிளாக உள்ளே வருகிறது. குழுமம் இல்லாத புது டீலர் யாராவது இருந்தால் அந்தப் பட்டியல் காலையில் அவருக்கு மின்னஞ்சலில் போகிறது, அவர் அன்றே நிரப்பிவிடுகிறார்.